அய்யனாரப்பனும் அக்காவின் வோட்டும்

நேற்று சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஊர்ந்து போயிற்று. கூரைமேல் இரண்டு ஸ்பீக்கர். புதிதாகத் திறக்கப்போகிற ஏதோ துணிக்கடைக்கு விளம்பரம். ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்று ஒரு குரல் கூப்பிட்டது. நல்ல குரல்தான். பழக்க தோஷம், குனிந்து உள்ளே பார்த்தேன். டிரைவரைத் தவிர ஒருவரும் இல்லை. அவரும் காதில் செல்போனை இடுக்கிக்கொண்டு யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குரல் ஒரு பென் டிரைவிலிருந்து வந்துகொண்டிருந்தது. தெருமுனை திரும்பும்வரை நின்று கேட்டேன். ஒருமுறைகூட இருமவில்லை. இருமாத குரலை எனக்கு அவ்வளவாக நம்பத் தோன்றுவதில்லை.

ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படி ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கத்திப் பிழைத்தவன். திண்டிவனத்தில் என் கல்லூரிப் படிப்பு அரியர்களில் கால் இடறி விழுந்து கிடந்த சமயம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மைக் செட் கடை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மூஞ்சி சுமார்தான். தொண்டை நல்லாக்கீது, நாளைக்கி வா” என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அப்போது விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. மனு கொடுக்கக் கிளம்பிய பாதிப் பேர் பழைய ஞாபகத்தில் கடலூருக்கு பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதைக்கூட நாங்கள்தான் ஊர் ஊராகப் போய் மைக்கில் சொன்னோம். காணை, கிளியனூர், பனமலை என்று சுற்றாத இடமில்லை. பனமலைக் குன்றின் அடியில் நின்று பேசினால் ஏரி முழுக்கக் கேட்கும். கேட்கத்தான் ஆள் இருக்காது, எல்லாரும் நடவில் இருப்பார்கள். நான் நாரைகளுக்குச் சொல்லிவிட்டு வருவேன்.

மைக்குக்கு ஒரு வாசனை உண்டு, தெரியுமா? அந்த இரும்பு வலையில் ஊரில் உள்ள அத்தனை பேச்சாளர்களின் வெற்றிலை, பீடி, சுக்குக் காப்பி எல்லாம் படிந்து கிடக்கும். வாயருகே கொண்டுபோனால் முதல் இரண்டு வாக்கியம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பேச முடியும். அந்த வாசனையை நினைத்தால் கூடவே இன்னொன்றும் வந்துவிடும். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. இரண்டும் சேர்ந்தால் அய்யனாரப்பன்.

கிளியனூர் தாண்டி புதுச்சேரி போகிற ரோட்டில், ஒரு புளியமரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் அவர். குச்சி மாதிரி உடம்பு, முட்டிவரை மடித்துக் கட்டிய லுங்கி. நிலம் கிடையாது, படிப்பு கிடையாது, பின்னால் நிற்க அண்ணன் தம்பி கிடையாது. ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வாய். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒருவர் சட்டசபை வரைக்கும் போனார் என்றால் நம்புவீர்களா? நான் கூடவே இருந்து பார்த்தேன். எனக்கே சில சமயம் நம்பிக்கை வருவதில்லை.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள். சொன்னாலும் குழம்பலாம். பிறந்து வளர்ந்த எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் இரண்டு பாய் ஓரம் சந்திக்கிற மாதிரி நேராகச் சந்திப்பதில்லை. கரும்பு இந்தப் பக்கம், அதற்குத் தண்ணீர் இறைக்கிற கிணறு அந்தப் பக்கம். ஒரு தெரு இங்கே, அடுத்த தெரு அங்கே, மூன்றாவது தெரு மறுபடி இங்கே. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்கு பிரித்ததை நாங்கள் அப்படியே வைத்திருந்தோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் கலந்து நடக்கும். பெட்ரோலுக்கும் பிராந்திக்கும் எல்லாரும் அந்தப் பக்கம் போவார்கள். சண்டை வந்தால் மட்டும் எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று யாருக்கும் தெரியாது.

அய்யனாரப்பனுக்குத் தெரியும். அவர் கடை வாசலில் வாரம் ஒரு மொபெட்டாவது சறுக்கி விழும். இரண்டு பக்கத்து போலீசும் வந்து, இது உங்கள் எல்லை, இல்லை இது உங்கள் எல்லை என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் விழுந்தவரிடம் போய்க் குந்திக்கொண்டு காதோடு கேட்பார்: “ஒனக்கு எந்த ஸ்டேஷன் வசதி?” அந்த ஆள் சொன்ன பக்கத்துக்கு வண்டியை நகர்த்தி வைத்துவிடுவார். விபத்தும் அங்கேதான் நடந்ததாக ஆகிவிடும். அடிபட்டவருக்கு அலைச்சல் இல்லை, போலீசுக்கும் வாக்குவாதம் மிச்சம். இது நியாயமா என்று ஒருமுறை கேட்டேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே, “அடிபட்டவன் வலிக்கிதுன்றான். நீ நாயம் பேசிக்கினு கீற” என்றார். என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அவர் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் ரைஸ் மில்காரர், பரம்பரைப் பெரிய குடும்பம். அய்யனாரப்பனுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. எங்கள் கடையில் வந்து ஒரே ஒரு நாளைக்கு ஆட்டோ பேசினார். கடை டிரைவர் ஷெரீப் பாய் ஓட்ட, நான் மைக்கோடு பின்னால், வேட்பாளர் முன்னால் பாய்க்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். காலையில் கிளம்பும்போதே நான் ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஏரிக்கரையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. பாதை இரண்டாகப் பிரிந்தது.

“லெஃப்டா ரைட்டா? ஜல்தி சொல்லுபா” என்றார் பாய்.

நான் இடது என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். அய்யனாரப்பன் “நேரா வுடு பாய்” என்று சொன்னதாகவும் ஞாபகம். நேராகப் போவதற்கு அங்கே பாதையே இல்லை. எப்படியோ ஆட்டோ கரும்புக்குள் புகுந்து ஒரு நீளமான தெருவில் போய் வெளியே வந்தது. நான் உற்சாகமாகப் பூட்டு சாவிக்கு வாக்குக் கேட்டேன். பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஆரத்தித் தட்டே எடுத்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, குனிந்து, கும்பிட்டு, குழந்தை பேர் கேட்டு, மல்லாட்டை விளைச்சல் கேட்டு நகர்ந்தார். தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் ஆட்டோவை நிறுத்தினார்.

“ஏம்பா, இது பாண்டிப் பக்கம். எங்களுக்கு அங்க வோட்டு ஏது?”

நான் ‘ஐயையோ’ என்றேன். மைக் ஆனில் இருந்தது. அந்த ஐயையோ இரண்டு மாநிலத்துக்கும் கேட்டது.

தெரு முழுக்கச் சிரித்தது. ஷெரீப் பாய் தலையில் அடித்துக்கொண்டு, “இன்னா பேஜாரு இது, அரை நாள் பூட்சே” என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார். அய்யனாரப்பன் மட்டும் இறங்கவும் இல்லை, பதறவும் இல்லை. பெரியவரைப் பார்த்து, “வோட்டு இல்லன்னா கும்பிடக் கூடாதாங்க?” என்றார். அப்புறம் பாயிடம், “அடுத்த தெருவுக்குப் போ” என்றார். அடுத்த தெருவும் பாண்டிதான். அதற்கடுத்ததும். மத்தியானம் சாப்பாட்டைக் கூட மறந்து, தனக்கு ஒரு வாக்குகூட இல்லாத வீடுகளைக் கும்பிட்டுக்கொண்டே போனார். எனக்கு எதுவும் புரியவில்லை. சொன்ன வேலை கத்துவது, கத்தினேன்.

கடைசியாக நுழைந்தது கோட்டுத் தெரு. என் அக்கா அஞ்சலை வாழ்க்கைப்பட்ட தெரு அது. எல்லைக்கோடு அதன் வழியாகப் போகிறது என்பதால் அந்தப் பெயர். எந்த வழியாக என்பதில்தான் தகராறு. தமிழ்நாட்டு வரைபடத்தைக் கேட்டால் அந்தத் தெரு புதுச்சேரி என்றது, புதுச்சேரி வரைபடத்தைக் கேட்டால் தமிழ்நாடு என்றது. நாற்பது வீடு சொச்சம் இருந்தும் பட்டா இல்லை, கரண்ட் இல்லை, வாக்கு இல்லை. சில பேர் சொந்தக்காரர் விலாசத்தில் பெயர் சேர்த்துச் சமாளித்தார்கள். அக்கா புருஷனான என் மாமா அப்படிக் குறுக்கு வழிக்குப் போகிறவர் அல்ல. “எந்த ஊட்ல குந்திக்கினு கீறனோ, அந்த ஊட்டுப் பேர்ல குடுத்தா குடு, இல்லன்னா வேணாம்” என்று முறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார்.

அக்கா இடுப்பில் பையனோடு வந்து ஆட்டோ முன்னால் நின்றாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. நேராக அவரிடம் போனாள்.

“அண்ணா, எல்லாரையும் வோட்டுக் கேக்கறீங்க. என்னை மட்டும் யாரும் கேக்க மாட்றாங்க.”

“நான் கேக்கறேனே தங்கச்சி.”

“எங்கிட்ட இல்லண்ணா. நீங்கதான் எனக்கு ஒரு வோட்டு வாங்கிக் குடுக்கணும். குடுங்க, ஒங்களுக்கே போடறேன்.”

வாக்குக் கேட்டுப் போனவரிடம் வாக்கு கேட்ட ஒரே ஆள், நான் பார்த்தவரையில், என் அக்காதான். எனக்கு அவமானமாக இருந்தது. மைக்கை அணைத்துவிட்டுக் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையன் கன்னத்தைத் தட்டி, “வாங்கித் தர்றேம்மா” என்றார்.

ரைஸ் மில்காரர் தோற்றுப்போனார். வாக்கில்லாத தெருக்களில் அய்யனாரப்பன் கும்பிட்டுப் போன கதை சம்பந்தி வீடுகள் வழியாக எங்கள் பஞ்சாயத்து முழுக்கப் பரவிவிட்டது. பாண்டிப் பக்கத்து அம்மாக்கள் எல்லாரும் இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள்களுக்குச் சொல்லி அனுப்பினார்களாம்: வோட்டே இல்லாத எடத்துக்கு வந்து கும்பிட்டுட்டுப் போறான்டி, அவனுக்குப் போடு. வெற்றி ஊர்வலத்தில் நான் அவரிடம் கேட்டேன், தெரிந்தேதான் போனீர்களா என்று. “நீதானய்யா வழி சொன்னே” என்று தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நான்தான் சொன்னேனா? இன்றைக்கும் அந்தக் கரும்புப் பாதை கனவில் வந்தால் இரண்டு பக்கமும் கை காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் ஏறிய வேகத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர், அடுத்த முறை ஒன்றிய சேர்மன், அதற்கடுத்த முறை எம்.எல்.ஏ. லுங்கி வேட்டியாகி, வேட்டி கஞ்சி போட்ட வேட்டியாகி, அதன் கரையும் இரண்டு மூன்று தடவை நிறம் மாறியது. நான் ஒவ்வொரு கட்சி மேடையிலும் அதே ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’யைத்தான் சொன்னேன். கொடி மட்டும் வேறு. ஒருமுறை பழைய கட்சித் தலைவர் பெயரை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கூட்டம் பழக்கத்தில் கைதட்டியது. அவரும் தட்டினார்.

நல்லது செய்தாரா என்று கேட்டால் செய்தார். மரக்காணம் கடற்கரைக் குப்பத்தில் புயல் காற்று கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது, தன் தொகுதி இல்லை என்று தெரிந்தும் முதலில் போய் நின்ற ஜீப் அவருடையது. கெட்டது செய்தாரா என்று கேட்டால் அதுவும் செய்தார். ஏரி மண் லாரி லாரியாக எங்கே போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே ஆள், ஒரே ஜீப். காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை. எனக்கு அவர்மேல் கோபம் வரும். அவர் வந்து தோளில் கை போட்டால் கோபம் எங்கே போனது என்று தெரியாது. இதற்கிடையில் எனக்கு விழுப்புரத்தில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை கிடைத்தது. அவர் சிபாரிசா, என் மார்க்கா என்பதும் இன்றுவரை விளங்கவில்லை. என் மார்க்கை நினைத்தால் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கோட்டுத் தெரு அப்படியே இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அக்கா அவர் முன்னால் போய் நிற்பாள், அவர் வாங்கித் தர்றேம்மா என்பார். ஊரில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “சொன்னாருன்னா செய்வாருடா. அவருக்கும் மேல ஆளுங்க இருக்காங்க இல்ல” என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

எம்.எல்.ஏ. ஆன பிறகு ஒருநாள் தெருவுக்கு வந்து எல்லாரையும் உட்கார வைத்தார். இரண்டு பக்கத்து சர்வேயர்களையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டாராம். “இப்ப சொல்லுங்க, எந்தாண்ட போகணும்?” என்றார். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அந்தப் பக்கம் அரிசி நல்லது, இந்தப் பக்கம் டிவி தருவார்கள், அந்தப் பக்கம் முதியோர் பணம் அதிகம் என்று ஒரே இரைச்சல். அவர் அக்காவைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா.”

“பையன் பத்தாவது படிக்கிறான்ணா. எந்தாண்ட லைட்டு ஜல்தியா வருமோ அந்தாண்ட வுடுங்க.”

“பாண்டிக் கம்பம் தெருமுனையிலயே நிக்கிது. நம்ம கம்பம் ஏரிக்கு அந்தாண்ட. ஆனா அங்க போனா ஒன் வோட்டு எனக்கு வராதே.”

அக்கா அப்போதுதான் அதை யோசித்தாள் போலிருக்கிறது. கொஞ்சம் தடுமாறினாள்.

“வோட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருதரம்ணா. இருட்டு தெனைக்கும் வருது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனார்.

சர்வேயர்கள் வந்த நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். பிரெஞ்சுக்காரன் நட்ட எல்லைக்கல் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. எல்லாரும் முழித்தார்கள். கடைசியில் அது அக்கா வீட்டுக் கொல்லையில், அடிபம்புக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரோ முப்பாட்டன் காலத்தில், நல்ல வழவழப்பான கல்லாக இருக்கிறதே என்று பெயர்த்துக்கொண்டுவந்து துணி துவைக்கப் போட்டிருக்கிறான். மூன்று தலைமுறை அதன்மேல் அடித்துத் துவைத்ததில் செதுக்கிய எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. நாங்கள் எந்த மாநிலம் என்று தெரியாமல் தவித்ததற்கு நாங்கள் துவைத்த வேட்டிகள்தான் காரணம். அதைக் கேட்டு இரண்டு சர்வேயர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். இரண்டு மாநிலமும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

“கல்லு முதல்ல எந்த எடத்துல இருந்துச்சி?” என்று கேட்டார் ஒருவர்.

ஆளுக்கொரு திசை காட்டினார்கள். அய்யனாரப்பன் பேசாமல் நடந்துபோய்த் தெருவின் மேற்கு ஓரத்தில், வேப்பமரத்தடியில் நின்றார். “இங்கதாங்க இருந்துச்சி. சின்ன வயசுல இதுமேல குந்திக்கினுதான் பல்லு வௌக்குவேன்” என்றார்.

அவர் பிறந்தது வேறு ஊர். எனக்குத் தெரியும், அங்கிருந்த பாதிப் பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் கல்லை நட்டால் தெரு மொத்தமும் பாண்டிக்குப் போகிறது. எம்.எல்.ஏ. தன் வாயாலேயே தன் வாக்குகளை அந்தப் பக்கம் தள்ளுகிறார் என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று சர்வேயர்கள் நினைத்திருக்க வேண்டும். நட்டுவிட்டார்கள். அக்கா, “கல்லைத் தூக்கிக்கினு போயிட்டீங்களே, துணியை எங்க தொவைக்கிறது?” என்று சத்தம் போட்டாள். மறுநாளே அவர் ஒரு கருங்கல் பலகை அனுப்பிவைத்தார்.

அந்த வருஷமே லைட் வந்தது. பையன் பல்பு வெளிச்சத்தில் படித்துப் பாஸ் செய்தான். இதோடு நிறுத்தினால் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் லைட் வந்த கொஞ்ச நாளில், அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிராந்திக் கடையும் வந்தது. இந்தப் பக்கமாக இருந்திருந்தால் தனி ஆள் அங்கே கடை வைத்திருக்கவே முடியாது. வைத்தவர் அய்யனாரப்பனின் மைத்துனர். என் மாமா, குறுக்கு வழிக்கே போகாத முரடர், நேர் வழியாக நடந்து தினமும் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அப்படியானால் அவர் கல்லைக் காட்டியது அக்காவுக்காகவா, மைத்துனருக்காகவா? எத்தனையோ தடவை தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். அக்காவுக்கு மட்டும் என்றால் பிராந்திக் கடை இடிக்கிறது. மைத்துனருக்கு மட்டும் என்றால், ஒரு கடைக்காக ஒரு அரசியல்வாதி ஒரு தெரு வாக்கை விடுவாரா? அக்காவிடம் ஒருமுறை கோபமாகவே சொன்னேன், மாமா சாவுக்கு அவர்தான் காரணம் என்று. அவள் பல்பைப் பார்த்துவிட்டு, “குடிச்சது ஒங்க மாமா. லைட்டு குடுத்தது அவரு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காதடா” என்றாள். அவளால் பிரிக்க முடிந்தது. படித்த என்னால் முடியவில்லை.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். வித்தியாசம் எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் கட்டிவிட்ட கதை என்பீர்கள். கோட்டுத் தெருவில் இருந்த வாக்குகளைவிடக் குறைவு. அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். ஜீப் இல்லை, கூட ஆள் இல்லை. மைத்துனரின் பழைய ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தரையில் உட்கார்ந்து மோர் குடித்தார். அக்கா அழுதுவிட்டாள்.

“எங்க வோட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களேண்ணா.”

அவர் மேலே பார்த்தார். “ஃபேன் நல்லா சுத்துதா?”

“சுத்துதுண்ணா.”

“அப்பறம் என்னா” என்று எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டர் நேராகப் போய் பிராந்திக் கடை வாசலில் நின்றது. மைத்துனர் வெளியே வந்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். வழியனுப்பத் தூக்கிய கையோடு அப்படியே நின்றேன்.

அதற்கடுத்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு பக்கத்துக் கூட்டமும் வந்தது. ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று மைக்கில் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். குரல் வரவில்லை.

பிறகு நான்குவழிச் சாலை வந்தது. கோட்டுத் தெரு, வேப்பமரம், பிராந்திக் கடை, நட்ட கல் எல்லாம் அதற்குக் கீழே போய்விட்டன. இப்போது அந்த இடத்தை பஸ்ஸில் கடக்கும்போது எந்த இடத்தில் கடந்தோம் என்றே தெரிவதில்லை. எந்தப் பக்கம் என்று சண்டை போடுவதற்குக்கூட யாரும் அங்கே இல்லை. தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் சிதறிப்போனார்கள். அக்கா மகனோடு திண்டிவனத்துக்கு வந்தாள். வந்த கையோடு மகன் அவளைத் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் சேர்த்தான்.

அந்தத் தேர்தல் அன்று நான்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவழியாக விரலில் மையோடு வெளியே வந்தாள்.

“ஏன்க்கா இவ்ளோ நேரம்?”

“பூட்டு சாவியைத் தேடினேன்டா.”

“அது பஞ்சாயத்து எலெக்‌ஷன் சின்னம்க்கா. அவரும் இப்ப இல்லியே.”

“எனக்குத் தெரியாதா? அவரு சாவுக்கு நான் மாரடிச்சேனே. இருந்தாலும் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குது இல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தேன்.”

“அப்பறம்?”

“கடைசியில யாருக்கும் இல்லன்னு ஒரு பட்டன் இருந்துச்சி. அதுல அவருக்குப் போட்டுட்டு வந்துட்டேன்.”